தீயே, உனக்கு எந்த மாவட்டம்?

கிராமத்தில் தீப்பிடிக்காது. இதை நான் சொல்லவில்லை. இந்திய அரசியல் சட்டம் சொல்கிறது. 1992-ல் 73, 74-ஆவது திருத்தங்கள் நிறைவேறியபோது உள்ளாட்சிகளுக்கு என்னென்ன வேலை என்று இரண்டு பட்டியல் போட்டார்கள். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 இனங்கள்; அதில் தீயணைப்பும் ஒன்று. ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள். மீன்வளம் இருக்கிறது, கதர் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சந்தையும் திருவிழாவும் இருக்கின்றன. எரிபொருளும் தீவனமும் தனி இனமாகவே இருக்கிறது. தீயணைப்பு மட்டும் இல்லை. எரிவதற்கு வேண்டிய அத்தனையும் ஊராட்சியின் அதிகாரத்தில் வரும், அணைப்பது வராது. எழுதிய கனவான்கள் கிராமத்தையே பார்க்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பார்த்திருப்பார்கள், அடைமழைக் காலத்தில்.

மாநிலத்துக்கென்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தச் சிவப்பு வண்டிக்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் அவர்கள், கிணற்றில் மாடு விழுந்தாலும் அவர்கள். சண்டை அவர்களை எண்ணிக்கையில் சுருக்கி, நகரத்தில் நிறுத்திவைத்து, கிராமத்துக்கு ஒரு போன் நம்பரை மட்டும் கொடுத்தவர்களோடுதான்.

இப்போது இளையரசனேந்தலுக்கு வருவோம். கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிற பழைய ஜமீன் ஊர். அது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கேட்டவரின் நோக்கம் தெரிய வேண்டும். வெகுகாலம் சங்கரன்கோவில் தாலுகா, நெல்லை மாவட்டம். 2008-ல் இளையரசனேந்தல் பிர்காவை மட்டும் அறுத்தெடுத்து கோவில்பட்டி தாலுகாவில், தூத்துக்குடி மாவட்டத்தில் ஒட்டினார்கள். அறுத்த கைக்கு என்ன அவசரமோ, பிர்காவின் 12 ஊராட்சிகளையும் எடுக்க மறந்து, பழையபடி நெல்லை மாவட்டத்துக் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விட்டுவிட்டார்கள். பட்டா, சிட்டா, அடங்கலுக்குத் தூத்துக்குடி மாவட்டம். தெருவிளக்கு, குடிதண்ணீர், நூறு நாள் வேலைக்கு நெல்லை மாவட்டம். மக்கள் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தது. சரி, இப்போதாவது சேர்ப்பார்கள் என்று பார்த்தால், குருவிகுளம் ஒன்றியம் தென்காசிக்குப் போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 12 ஊராட்சிகளும் போயின. ஒரே சம்சாரியின் நிலம் தூத்துக்குடியில். அந்த நிலத்துக்குப் போகிற ஊராட்சி ரோடு தென்காசியில்.

இந்த ஊரில் ஒரு பழைய கட்டடம் தீப்பிடித்து எரிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வரும். மாவட்டம் பார்த்து வண்டி எடுக்கிற அளவுக்குத் தீயணைப்புத் துறை இன்னும் வருவாய்த் துறையாக முன்னேறவில்லை. வேடிக்கையே வண்டி திரும்பிப் போன பிறகுதான். எரிந்த நிலத்துக்கு ஒரு தாசில்தார், நிலத்தின் மேலிருந்த கட்டடம் ஊராட்சிச் சொத்து என்றால் அதற்கு வேறு மாவட்டத்து அதிகாரி. அடித்தளம் ஒரு ஆட்சியருக்கு, ஓடு இன்னொரு ஆட்சியருக்கு. சாம்பல் யாருக்கு என்பதில் இரண்டு அலுவலகங்களும் மிகுந்த பெருந்தன்மையோடு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும். ஆகையால் அக்கினி பகவானுக்கு ஒரு பணிவான விண்ணப்பம்: இந்தப் பிர்காவில் எரிய உத்தேசித்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லை அளந்துகொள். வருவாய் நிலத்தில் மூட்டிய தீ ஒன்றியக் கட்டடத்துக்குத் தாவக்கூடாது. தாவுவதாக இருந்தால் மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் ஆணை வேண்டும். அதற்குக் கலந்தாய்வு மே மாதம்.

கிராமப்புறத் தீவிபத்துக்கு வண்டி 20 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது நாட்டில் பேசப்படுகிற அளவுகோல். நல்ல ரோடும் திறந்த ரயில்வே கேட்டும் வாய்த்தால் போய்விடலாம். ஆனால் எண்பது வருஷம் காய்ந்த பனங்கையில் பிடித்த தீ அந்த 20 நிமிடமும் என்ன செய்துகொண்டிருக்கும் என்று அளவுகோல் போட்டவர்கள் எழுதவில்லை. அந்த இடைவெளியில் நிற்பவன் யார்? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன். உலகம் முழுக்கத் தன்னார்வத் தீயணைப்பு வீரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அவனுக்கு. நம்மிடம் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் சம்பளம் கேட்பான், சம்பளம் இல்லாவிட்டால் சங்கம் வைப்பான்.

அவன் வேலை செய்கிற லட்சணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கரிசல் பக்கத்துப் பழைய கட்டடம் என்றால் சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம், பனங்கை, மூங்கில் வரிச்சு, மேலே நாட்டு ஓடு. உள்ளே பருத்தி, உளுந்துச் சாக்கு, பழைய கணக்குக் கட்டுகள். கொல்லையில் பருத்திமார், பக்கத்தில் சோளத்தட்டைப் படப்பு. யாரோ கோயில் மைக்கைப் போட்டுக் கத்துவார்கள். முதல் ஆள் ஓடுவது தண்ணீருக்கு அல்ல. “ஏலே, பீஸைப் பிடுங்குலே!” என்ற சத்தம்தான் முதலில் வரும். லைன்மேனுக்கு ஒருத்தன் போன் போடுவான். இன்னொருத்தன் அரிவாளை எடுத்துக்கொண்டு தொழுவுக்கு ஓடுவான். முடிச்சு அவிழ்க்க நேரம் கிடையாது, மாட்டின் கயிற்றை ஒரே வெட்டு. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தன் அடுக்களைக்குள் போய் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவான். அதற்குள் தெருக்குழாயிலிருந்து குடங்கள் வரிசை பிடித்திருக்கும். “மதினி, அந்தக் கொடத்த இங்கிட்டுத் தள்ளுங்க” என்ற குரலில் சாதி தெரியாது. மறுநாள் காலை பழையபடி தெரியும்; அது வேறு விஷயம்.

இந்த வரிசைக்குத் தலைவன் என்று ஒருவன் இருக்க மாட்டான். ஆனால் ஊரில் ஒரு மேஸ்திரியோ கொத்தனாரோ இருப்பார். எரிகிற வீட்டை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். அது போயிற்று என்று அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஓட்டைத் தொரட்டி போட்டு இழுக்கச் சொல்லுவார். இரண்டு பாகம் கூரையைப் பிரித்து இடைவெளி விட்டால்தான் தெரு பிழைக்கும். அந்த அடுத்த வீட்டுக்காரன் தன் கூரையைத் தானே பிரிக்க ஏணி பிடித்துக் கொடுப்பான். இந்த ஓட்டுக்கு நஷ்ட ஈடு கேட்டு அவன் நாளைக்கு அலுவலகம் போனால் என்ன சொல்வார்கள்? “உங்க வீடு எரியலையே?” தெருவைக் காப்பாற்றக் கொடுத்த கூரை கணக்கில் வராது. எரிந்திருந்தால் வந்திருக்கும். அரசுக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் என்றால் கரி.

இன்னொன்றும் மேஸ்திரிக்குத் தெரியும். கனத்த தேக்கு உத்திரம் மேலே கருகி, உள்ளே கங்காகக் கனன்றுகொண்டிருக்கும். சுவருக்குள் சொருகிய முனைதான் கடைசிவரை அணையாது. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, நடுச்சாமத்தில் அது மறுபடி மூச்சு விடும். அதனால் ஒரு ஆள் குடத்தோடு விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருப்பான். சூடேறிய கல்தூணில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதே, தெறிக்கும் என்று ஒரு கிழவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த அறிவுக்குச் சான்றிதழ் படிப்பு கிடையாது. இதைக் கேட்டு எழுதிக்கொள்ள எந்தத் துறையிலிருந்தும் யாரும் வந்ததாகவும் கேள்விப்படவில்லை.

பழைய கட்டடம் என்பது விளையாட்டல்ல. 2020 தீபாவளியை ஒட்டிய இரவில் மதுரை விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு பழைய கட்டடத்துத் துணிக்கடையில் தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருந்தபோது சுவர் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, சீருடை இருந்தது, தண்ணீர் வண்டி இருந்தது. இவ்வளவும் இருந்தே சுவர் விடவில்லை. லுங்கிக்காரனுக்கு ஒரு ஈரச் சாக்கு இருக்கிறது. ஏறிப் போ என்கிறோம்.

ஏறிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க இளையரசனேந்தலிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். வடக்கே விருதுநகர் மாவட்டம், சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி. 2012 செப்டம்பர் 5. பட்டாசு ஆலை ஒன்றில் தீ. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை என்று பிறகு சொன்னார்கள். நிறுத்திவைத்தது காகிதம், ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் கேட்டுச் சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் ஓடினார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இழுத்துப் போட ஓடினார்கள். அப்போதுதான் பெரிய வெடிப்பு. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் ஒரு நாள்கூடக் கூலி வாங்காதவர்கள்.

அவர்களுக்கு நாம் கொடுத்த பட்டம்: வேடிக்கை பார்க்கப் போனவர்கள்.

பத்திரிகையில் அப்படித்தான் வந்தது. டீக்கடையிலும் அப்படித்தான் பேசினோம். “அவனுக்கு அங்க என்ன ஜோலி?” செத்தவன் திரும்பி வந்து பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியத்தில் கேட்ட கேள்வி. பார்க்கப் போனவர்களும் இருந்திருக்கலாம்தான். ஊருக்குப் பக்கத்தில் புகை எழும்பினால் போய்ப் பார்ப்பது எப்போது குற்றமானது? பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் “ஒரு கை பிடி” என்றால் பிடிக்கிறான். அந்த நொடியில் அவன் தீயணைப்புப் படை. பிடித்த கையோடு வெடித்துச் சிதறினால், மறுபடி வேடிக்கை பார்த்தவன்.

சட்டம் செத்தவர்களை எப்படி அடுக்குகிறது பாருங்கள். தொழிலாளி செத்தால் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இழுத்தடித்தாலும் அது அவன் உரிமை. தீயணைப்பு வீரர் செத்தால் அரசு மரியாதை, பணிக்கொடை, நினைவு நாள். அதுவும் அவர் உரிமை. ஓடிப்போன ஊர்க்காரன் செத்தால் அவன் தொழிலாளியும் இல்லை, வீரனும் இல்லை. நிவாரணம் என்ற பெயரில் கருணை. கருணைக்கு வழக்குப் போட முடியாது. கொடுப்பவர் மனசு, கொடுக்கிற அன்றைக்கு எத்தனை கேமரா வந்தது என்பதைப் பொறுத்தது.

நினைவு நாள் என்றதும் ஞாபகம் வருகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அஞ்சலி செலுத்தி, 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் எண்ணெய்ச் சட்டியைப் பற்றவைத்து ஈரத்துணி போட்டு அணைத்துக் காட்டுவார்கள், துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள், பிள்ளைகள் கைதட்டும். செப்டம்பர் 5-ஐ மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அன்றைக்கு ஆசிரியர் தினம். அன்றைக்கு வ.உ.சி. பிறந்த நாள், தூத்துக்குடி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்துக்கு வெள்ளை வேட்டிகள் மாலையோடு வரிசை கட்டும். முதலிப்பட்டிக்காரர்கள் சாவதற்கு நாள் பார்க்கத் தெரியாதவர்கள்.

ஏறத்தாழ எட்டரை வருஷம் கழித்து, 2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சன்குளம், இன்னொரு பட்டாசு ஆலை. உரிமம் ஒருவர் பெயரில், வேலை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் கையில். 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதே அறிக்கை, அதே “இரும்புக்கரம்”. இந்த இரும்புக்கரத்தை நான் சின்ன வயதிலிருந்து கேள்விப்படுகிறேன். தீயில் சுட்டால் இரும்பு வளையும் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறொன்றும் தெரியவரவில்லை. இந்தியாவுக்கே நெருப்பு விற்கிற வட்டாரம் இது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது நாடே பேசியது. அதே வட்டாரத்தில் நெருப்பை அணைக்க ஓடுகிறவனின் விலை எவ்வளவு என்று அந்த வாரம் யாரும் கேட்கவில்லை.

கும்பகோணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள். அங்கேயும் முதலில் ஓடியது அக்கம்பக்கத்தார்தான். பிறகு அரசு உறுதியோடு செயல்பட்டு ஒரு குற்றவாளியை உடனே பிடித்தது: கீற்று. மாநிலம் முழுக்கப் பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்று விரட்டப்பட்டது. மனிதக் குற்றவாளிகளுக்குத் தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆயிற்று. 2014-ல் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. கீற்றுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.

இப்படி ஓடுகிறவனை மற்ற நாடுகளில் எப்படி வைத்திருக்கிறார்கள்? சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். 1851-ல் வால்பரைசோ துறைமுகத்தில் தொடங்கிய வழக்கம். ஜெர்மனியில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் சம்பளமில்லாமல் இந்த வேலை செய்கிறார்கள். சம்பளம்தான் இல்லை, வண்டி உண்டு, தலைக்கவசம் உண்டு, பயிற்சி உண்டு, அடிபட்டால் சட்டப்படி காப்பீடு உண்டு. மணி அடித்தால் முதலாளி வேலையிலிருந்து விட்டே ஆக வேண்டும். அங்கே ஊராட்சியின் கடமைப் பட்டியலில் தீ இருக்கிறது. நம் ஊர்க்காரன் அவர்களைவிட ஒரு படி மேல். இத்தனையும் இல்லாமலே ஓடுகிறான். அவன் ஓடுகிறான் என்பது தெரிந்துதான் இத்தனையும் இல்லாமல் வைத்திருக்கிறோம்.

அப்படியென்ன பெரிதாகக் கேட்கிறோம்? கரிசல் கிராமங்களில் தண்ணீர் விற்கிற டிராக்டர் டேங்கர் இருக்கிறது. அதன் வால்வும் தீயணைப்பு ஹோஸின் கப்ளிங்கும் ஒன்றுக்கொன்று சேராது. சேர்க்க ஒரு இணைப்புத் துண்டு வேண்டும். லேத்துப் பட்டறையில் கடைந்துவிடலாம். ஒரு டீசல் பம்பு, நூறு மீட்டர் ஹோஸ், நாலு தலைக்கவசம், ஓடுகிறவன் பெயரில் ஒரு காப்பீடு. திட்டத் தொடக்க விழாவுக்குப் போடுகிற பந்தல் செலவில் வாங்கிவிடலாம். ஆனால் இணைப்புத் துண்டைத் திறந்துவைத்து ரிப்பன் வெட்டினால் போட்டோவில் என்ன தெரியும்? பந்தல்தான் தெரியும். அந்தப் பந்தலும் கீற்று.

நம்மையும் விட்டுவைக்கக்கூடாது. எரிகிற கட்டடத்துக்கு முன்னால் இப்போது குடங்களைவிடப் போன்கள் அதிகம். குடம் வாங்க நீளாத கை படம் எடுக்க நீளுகிறது. போன் பிடித்தவன் சாவதில்லை, வீடியோ நன்றாக வருகிற தூரத்தில்தான் நிற்கிறான். அவனை யாரும் வேடிக்கை பார்த்தவன் என்பதில்லை, செய்தி கொடுத்தவன் என்கிறார்கள். தீ அணைந்த பிறகு மூன்று கட்சிக் கொடியோடு மூன்று கார் வரும். எரிந்த வாசலில் அரிசி மூட்டையை நாலு கை பிடித்துக்கொண்டு நிற்கும். கூரை பிரித்துக் கொடுத்த அடுத்த வீட்டுக்காரன் அந்தப் போட்டோவில் இருக்க மாட்டான். ஓடு பொறுக்கிக்கொண்டிருப்பான்.

ஆகவே இனி இளையரசனேந்தலிலோ, முதலிப்பட்டியிலோ, வேறெந்தப் பட்டியிலோ புகையைப் பார்த்து ஓட நினைக்கிற சகோதர சகோதரிகள் கவனத்துக்கு. எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள். நீங்கள் தொழிலாளியா, வீரரா, வேடிக்கை பார்ப்பவரா என்பதை முதலில் முடிவு செய்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்குங்கள். அவர் எந்த மாவட்டத்துக்காரர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே போகுமுன் ‘நான் காப்பாற்ற வந்தவன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டுங்கள். அட்டை கருகாத பொருளில் இருக்க வேண்டும். காப்பாற்றப்படுகிறவரிடம் முன்னதாகவே ஒப்புதல் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளும் அவசியம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாம் இரண்டு நகல். எரியாத சட்டைப் பையில் வைக்கவும். தண்ணீர் ஊற்றும்போது நனையாமல் பார்த்துக்கொள்ளவும். நனைந்த ஜெராக்ஸ் செல்லாது.